அண்ணனின் ஓல்ட் ஸ்பைஸ்

இன்று கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

எண்பதுகளில் ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஓல்ட் ஸ்பைஸ் தெரியாமல் இருக்காது. பால் வெள்ளை பாட்டில், அதில் ஒரு பாய்மரக் கப்பல். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்த என் பெரியண்ணன் கேன்டீனில் வாங்கி வருவார். எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் வைப்பார்.

அமெரிக்காவின் ஷுல்டன் கம்பெனி 1937ல் முதலில் பெண்களுக்காக ஒன்றை விட்டது. ஆண்களுக்கானது 1938ல் வந்தது. 1990ல் அந்தப் பெயர் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்குப் போனது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், வனிலா... நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அதில் இருக்கிறது!

அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆடி அமாவாசைப் படையலில் வடை, பாயசத்தோடு அண்ணி அவருடைய பழைய பாட்டிலையும் வைப்பார். அது அடி தட்டிவிட்டது என்று போன வருஷம் பேரன் புதிது வாங்கி வந்தான். அண்ணி திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது உங்க அண்ணன் வாசனை இல்ல தம்பி" என்றார். "அதே பிராண்டுதான் ஆயா" என்கிறான் அவன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவன் பதில் சொல்ல வேண்டாமா?

பெயர் மாறாமல் உள்ளே இருப்பது மாறுவது சென்ட் உலகத்தில் சகஜம். லேபிளில் "பெர்ஃப்யூம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அதற்குள் ஐம்பது பொருள் இருக்கும். மஸ்க் ஆம்ப்ரெட் என்று ஒன்று பல ஆஃப்டர் ஷேவ்களில் இருந்தது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்கு முகம் கறுத்துத் தடித்தது. எழுபதுகளின் கடைசியில் தோல் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்த பிறகு அது கைவிடப்பட்டது. ஓக் மரத்துப் பாசி இன்னொன்று. பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி! அதிலுள்ள அட்ரனாலை ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் தடை செய்தது. லிலியாலுக்கு 2022 மார்ச்சில் தடை. சந்தனம் கதை வேறு: நம் காட்டு மரம் அருகிப்போய் விலை ஏறியதும், ஆஸ்திரேலியச் சந்தனமும் ஆய்வகச் சரக்கும் அந்த இடத்துக்கு வந்தன. ஆகவே மாற்றம் எல்லாமே லாபத்துக்காக என்று சொல்ல மாட்டேன். தோலுக்கு நல்லதும் அதில் உண்டு. எந்த பிராண்டில் எது எப்போது மாறியது என்பது தொழில் ரகசியம்.

ஆனால் அண்ணியிடம் இருக்கும் பழைய பாட்டிலும் பழைய வாசனை இல்லை. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஆரஞ்சு மாதிரி லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். வனிலின் பழுப்பாகும். கனமான கிராம்பும் பட்டையும்தான் தங்கும். அதோடு அறுபதைத் தாண்டினால் மூக்கும் மந்தமாகும், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு மேல கிரீஸ் வாசனையும் இருக்கும் தம்பி. குட்டிகூரா பவுடரும் போடுவாரு" என்றார். அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

படையலில் இரண்டு பாட்டிலையும் வைத்தார்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா, தாத்தாவின் பாட்டில் வீட்டில் இருந்தால் பாத்ரூம் ஜன்னலில் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி, இருட்டான அலமாரியில் வையுங்கள். திறக்காத பழைய பாட்டில் யாரிடமாவது இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். விலைக்கு வேண்டாம், ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒரு நாள் இரவல் கொடுத்தால் போதும். நானே பட்டாபிராம் வரைக்கும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.