பளிங்கில் நிற்கும் இரு சிறுவர்

பாராமகால் என்னும் பெயரை இன்று தருமபுரி மாவட்டத்துப் பள்ளிச் சிறுவர்களிடம் சொன்னால் பெரும்பாலோர் விழிப்பர். பன்னிரண்டு கோட்டைகளையுடைய நாடு என்று அதற்குப் பொருள் கூறுவதுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் எனத் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் இந்நிலம் 1792 வரை மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. ஹைதர் அலியும், அவர்தம் மைந்தர் திப்பு சுல்தானும் இதனை ஆண்டனர். பின்னர் அது ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்தக் கைமாற்றத்தின் ஒரு காட்சி சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் ஏட்டில் மட்டும் அறிந்திருந்த அதனை நேரில் காணும் வாய்ப்பு சென்ற ஆண்டுதான் வாய்த்தது.

சென்னையில் நடைபெற்ற கிராஅத் போட்டியொன்றுக்கு எம் மதரஸா மாணவர் எழுவரை அழைத்துச் சென்றிருந்தேன். போட்டி வியாழனன்று முடிந்தது. மதரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை; அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை அதே வெள்ளிக்கிழமை! வேறு வழியின்றி ஒரு நாள் கூடுதலாகத் தங்கிச் சனிக்கிழமை காலையில் கோட்டை வாயிலை அடைந்தோம். தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள் இருப்பதால் சோதனை பலமாகவே இருந்தது. பகலுணவுக்கென வாங்கிச் சென்ற குஸ்காப் பொட்டலங்களைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டே உள்ளே விட்டனர்.

அருங்காட்சியகம் அமைந்துள்ள கட்டடம் 1795இல் கட்டி முடிக்கப்பட்டது. கம்பெனி வணிகர்கள் கூடிக் கப்பல் செய்திகளைப் பரிமாறவும், சரக்குகளை ஏலமிடவும், கணக்குத் தீர்க்கவும் எழுப்பிய மண்டபம் அது. அடுத்த ஆண்டே அதன் உச்சியில் கலங்கரை விளக்கமும் ஏற்றப்பட்டது. பிற்காலத்தில் அரசுக்குரியதாகி, படை அதிகாரிகளின் உணவுக்கூடமாகவும் இருந்து, 1948இல் பொதுமக்கள் காணும் அருங்காட்சியகமாயிற்று. இந்தியத் தொல்லியல் துறை அதனைக் காத்து வருகிறது. சுவர்களின் கனமும் கூரையின் உயரமும் வெளியே கொளுத்திய வெயிலை மறக்கச் செய்தன.

மாணவர்கள் வாளும் துப்பாக்கியும் இருந்த பக்கம் ஓடினர். அங்கே அவர்களை நெடுநேரம் நிறுத்தியது ஒரு மரக்கூண்டு. 1840இல் சீனரிடம் சிறைப்பட்ட, சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஆன்ஸ்ட்ரதர் என்னும் ஆங்கில அதிகாரியை அடைத்து வைத்த கூண்டு அது. ஆள் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லை, காலை நீட்டிப் படுக்கவும் இடமில்லை. “இதற்குள் ஒரு மனிதரா?” என்று மாணவரில் இளையவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் நெஞ்சில் அந்த ஆங்கிலேயர்பால் இரக்கம் பிறந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன்.

அதன் பின்னரே அவர்களைக் காரன்வாலிஸ் சிலையின் முன் கொண்டு நிறுத்தினேன். தாமஸ் பேங்க்ஸ் என்னும் இலண்டன் சிற்பி வடித்த பளிங்குச் சிலை. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான். அன்று உடல்நலமில்லை என்று கூறித் தம் வாளை ஒப்படைக்கத் துணைத் தளபதியை அனுப்பியவர், பதினோராண்டு கழித்து இந்தியாவின் தலைமை ஆளுநராக ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயிலில் வெற்றி பெற்று நின்றார். நிஜாமும் மராட்டியரும் அவருக்குத் துணை. திப்பு தம் நாட்டில் பாதியைத் தர வேண்டும். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். அது செலுத்தப்படும் வரை புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்ப வேண்டும் என்பவை நிபந்தனைகள். அவ்வாறு அனுப்பப்பட்ட அப்துல் காலிக்குக்கு வயது பத்து அளவில்; முயிஸுத்தீனுக்கு எட்டு. சிலையின் பீடத்தில் செதுக்கப்பட்டிருப்பது அக்காட்சியே. தந்தை பிள்ளைகளை வரவேற்பது போலக் காரன்வாலிஸ் அவர்களை ஏற்றுக்கொள்கிறார். இங்கிலாந்தில் ஓவியர் பலர் இதே நிகழ்ச்சியைத் தீட்டி விற்றனர். வெற்றியைப் பரிவாகக் காட்டும் வித்தையை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

“ஹஜ்ரத், பணம் கட்டாமல் விட்டிருந்தால் இவர்களை என்ன செய்திருப்பார்கள்?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கும் வயது பத்துதான்.

பணம் கட்டப்பட்டது, 1794இல் பிள்ளைகள் தந்தையிடம் திரும்பினர் என்றேன். அந்தப் பணம் எவரிடமிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. எஞ்சிய பாதி நாட்டின் குடிமக்களும் படைவீரரும் அதில் பெரும்பங்கைச் சுமந்தனர். பிள்ளைகளைப் பிணை வைப்பது அக்காலத்து அரசர் பலரிடமும் இருந்த வழக்கமே என்பதையும் சொன்னேன். ஒரு தரப்பாரைத் தேவர்களாகவும் மறு தரப்பாரை அரக்கர்களாகவும் காட்டும் வரலாறு நம் பிள்ளைகளுக்கு எவ்விதத்திலும் உதவாது.

மூத்த மாணவன் விடவில்லை. “இதை உடைத்துப் போட்டால் என்ன?” என்றான். அச்சிலை முதலில் 1800இல் இதே கோட்டையின் அணிவகுப்புத் திடலில் நிறுத்தப்பட்டு, பின்னர் நகரின் வேறு இடங்களுக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் மாறி மாறிச் சென்று, நாடு விடுதலை பெற்றபின் இங்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்னேன். வழிபடத்தக்க இடத்திலிருந்து இறக்கி, விசாரிக்கத்தக்க இடத்தில் வைத்திருக்கிறார்கள். அது போதும் என்பது என் கருத்து. அவன் முகத்தைப் பார்த்தால் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பீடத்தில் இல்லாதவர்கள் பற்றியே எனக்கு மனக்குறை. கொடுக்கப்பட்ட பாதி நாட்டில் எங்கள் பாராமகாலும் ஒன்று. அதனை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார்; அவருடைய உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை ஏழாண்டுகள் இப்பகுதியில் பணியாற்றினார். தருமபுரியில் தோட்டம் போட்டுச் செடி வளர்த்தவர் அவர். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவனிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை இவர்கள் இங்கே செய்த நில அளவையிலும் வரி விதிப்பிலுமிருந்து வளர்ந்து, மன்றோ ஆளுநரான பின் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. வரி சுமையாக இருந்ததை மன்றோவே உணர்ந்திருந்தார். பின்னாளில் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்கு நாலில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று எழுதினார். ‘உன் வாப்பாவிடம் இருக்கும் பட்டாவின் கதை இங்கேதான் தொடங்குகிறது’ என்று பென்னாகரத்து மாணவனிடம் கூறியபோது, அதுவரை கொட்டாவி விட்டுக் கொண்டிருந்தவன் பீடத்தை உற்றுப் பார்க்கலானான். அதில் ஒரு உழவனும் இல்லை.

1947 ஆகஸ்டு 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடியையும் கண்டோம். பட்டுத் துணியாலான அக்கொடி 2013 முதல் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. துணி நைந்து போகாதிருக்க விளக்கொளியைக் குறைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக் கொண்டனர்.

மாலையில் ஊர் திரும்பும் பேருந்து வேலூரைக் கடந்தபோது, 1799இல் திப்பு ஷஹீதான பின் அவர் குடும்பத்தார் இவ்வூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர் என்றும், 1806இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர் என்றும் கூறினேன்.

“அந்த இரண்டு பேரும் மறுபடியும் பிடிபட்டார்களா, ஹஜ்ரத்?”

“ஆம்.”

“அப்போது எவ்வளவு பணம் கேட்டார்கள்?”

அப்போது பணம் கேட்பதற்குத் தந்தை உயிருடன் இல்லை என்றேன். அவன் சன்னல் பக்கம் திரும்பி, கோட்டை தெரிகிறதா என்று இருளில் தேடிக்கொண்டிருந்தான்.