வெள்ளை விளக்கு எரிகிறது, படம் வரவில்லை

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது விற்பவர்கள்தான். கேபிள், சார்ஜர், சிசிடிவி கேமரா, பழைய லேப்டாப் என்று கூவிக் கூப்பிடுவார்கள். பழுது பார்ப்பவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். மாடிகளிலும் சந்துகளின் கடைக்கோடியிலும் இருப்பார்கள். வீடியோ கேம் கருவிகளை மட்டுமே பிரித்துச் சரிசெய்கிற ஒரு கடையில், முதலாளியின் சம்மதத்தோடு, வேலை மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் அவரை ‘பாய்’ என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரிடம் இரண்டு இளைஞர்கள் வேலை பழகுகிறார்கள்.

அறையில் மின்விசிறி உண்டு, ஓடவில்லை. போர்டில் சூடு ஏற்றும்போது காற்று பட்டால் ஒரு பக்கம் ஆறிவிடும், பற்றவைத்த சால்டர் சீராக உருகாது. அதனால் முக்கியமான வேலை நடக்கும்போதெல்லாம் சென்னை வெயிலை அப்படியே தாங்கிக்கொள்கிறார்கள். வியர்வை போர்டில் சொட்டாமலிருக்க நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தான் ஒரு பையன்.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் துணிப்பையிலிருந்து பிளேஸ்டேஷன் 4 ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“லைட் எரியுது பாய். டிவியில நோ சிக்னல்னு வருது.”

“என்ன கலர்மா லைட்டு?”

“வெள்ளை.”

“கேபிளை யாராச்சும் இழுத்தாங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டான். பாய் அதற்குமேல் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துப் பின்பக்கத்து எச்டிஎம்ஐ துளைக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே நாக்கு போன்ற பிளாஸ்டிக் ஒடிந்து, அதன்மேல் இருந்த கம்பிகள் சில மடங்கிக் கிடந்தன. “போர்ட் போயிருக்கு. ஆனா போர்ட் மட்டும்தானான்னு தொறந்தாத்தான் தெரியும்” என்றார்.

விளக்கின் நிறத்தை முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. நீலம் துடித்துத் துடித்து அணைந்தால் கருவி முழுதாக எழவே இல்லை என்று பொருள். மின்வழங்கியிலோ, ஹார்டு டிஸ்க்கிலோ, மூளையான சிப்பிலோ கோளாறு இருக்கலாம். வெள்ளை நிலையாக நின்றால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வெளியே வரும் வழியில் தடைபட்டிருக்கிறது. திருகைத் தொடுவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. அந்த நாள் முழுக்க நான் பார்த்தது இதைத்தான்: இவர்கள் பெரும்பாலும் பிரிப்பதில்லை, படிக்கிறார்கள். பிரிப்பது அந்தப் படிப்புக்காகத்தான்.

திறக்கும் வேலை இளையவனிடம் போனது. பின்பக்கத்து ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும் திருகு, நடுவில் சிறிய முளை வைத்த நட்சத்திரத் தலை. சாதாரண டார்க்ஸ் முனை அதில் இறங்காது, துளையிட்ட முனை வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் மூன்று கால் திருகு. நின்டெண்டோவின் பழைய கேசட்டுகளில் இன்னொரு வகை. திருகின் தலையையே பூட்டாக்குவது இந்தத் தொழிற்சாலைகளின் நெடுநாள் வழக்கம். எல்லாவற்றுக்குமான முனைகள் அடங்கிய செட் கீழே இரண்டு கடை தள்ளி விற்கிறது என்பதால், இந்தத் தெருவில் அந்தப் பூட்டு யாரையும் தடுத்ததில்லை.

ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம் நம்மூரிலும் உண்டு. அமெரிக்காவில் 2018இல் அந்நாட்டின் வணிக ஆணையம் சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ உட்பட ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இப்படி ஸ்டிக்கரைக் காட்டியோ, குறிப்பிட்ட பாகத்தையே வாங்கவேண்டும் என்று சொல்லியோ வாரண்டியை மறுப்பது சட்டப்படி செல்லாது என்று எச்சரித்தது. பாயின் மேசைக்கு வருபவை வாரண்டி முடிந்து பல வருடமானவை. அவருக்கு அந்த ஸ்டிக்கர் இன்னொன்றைச் சொல்கிறது. ஏற்கெனவே கிழிந்திருந்தால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேல்மூடி வந்ததும் பையன் சட்டென்று பின்வாங்கினான். கரப்பான் பூச்சிகள். இரண்டு ஓடின, மற்றவை செத்துக் கிடந்தன. பாய்க்கு இது புதிதில்லை. பிளேஸ்டேஷன் 4இல் மின்வழங்கி கருவிக்குள்ளேயே இருக்கிறது, காற்றுத் துளைகள் அகலமானவை, உள்ளே எப்போதும் இளஞ்சூடு. டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் இருட்டில் வைத்துவிட்டால் பூச்சிக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்கப் பழுதுக் கடைகளிலும் இதே தொல்லை என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. கருவியைப் பையிலிருந்து எடுத்தவுடன் ஒரு தரம் தட்டிப் பார்ப்பது இங்கே விதி. பூச்சி இருந்தால் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும். இன்று அவன் மறந்துவிட்டான். பாய் ஒன்றும் சொல்லாமல் பிரஷ்ஷை நீட்டினார்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் அவர் யாரையும் அவசரமாகத் தொட விடுவதில்லை. நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே நேர்திசை மின்சாரமாக மாறி 300 வோல்ட்டுக்கு மேல் போய் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். பெட்டியைத் திறக்காமல் முழுதாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். தூசியை ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊதுகிறார்கள். ஊதுகிற வேகத்தில் ஃபேன் சுழன்றால் அதன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் திருப்பி அனுப்பிவிடும்.

திருகுகளை வைக்க அவர்களிடம் ஓர் அட்டை இருக்கிறது. கருவியின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்தில் எந்தத் திருகு என்று ஓட்டை போட்ட அட்டை. கழற்றக் கழற்ற அதே இடத்தில் குத்தி வைக்கிறார்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் போர்டைத் துளைத்துவிடும், அப்புறம் எந்தக் கைத்திறனாலும் மீட்க முடியாது. அதன்பின் ரிப்பன் கேபிள்கள். சிலவற்றுக்குச் சின்ன இமை போன்ற பூட்டு உண்டு, நகத்தால் நெம்ப வேண்டும். சிலவற்றுக்குப் பூட்டே இல்லை, நேராக இழுத்தால் வரும். எது எது என்று கை அறிந்திருக்க வேண்டும்.

போர்டு வெளியே வந்தது. சிப்பின்மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகி உதிர்ந்தது. இது காய்ந்தால் சூடு ஹீட்சிங்கிற்குப் போகாது. ஃபேன் விமானம் கிளம்புவதுபோல இரைய ஆரம்பிக்கும். “இதுக்கு அவங்க வரல. ஆனா தொறந்துட்டு இதை மாத்தாம மூடறது தப்பு” என்று பாய் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

எச்டிஎம்ஐ போர்ட்டை எடுப்பதை முழுதாகப் பார்த்தேன். 19 முனைகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில். அதோடு போர்டைத் துளைத்து மறுபக்கம் போகும் தடித்த கால்கள். அந்தக் கால்கள் போர்டுக்குள் விரிந்திருக்கும் செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால், கொடுக்கிற சூட்டையெல்லாம் தகடு உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்சாலை போட்டது ஈயமில்லாத சால்டர், 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். பாய் முதலில் ஈயம் கலந்த பழைய வகைக் கம்பியை அந்தக் கால்களில் கொஞ்சம் உருக்கிச் சேர்த்தார். ஈயமும் தகரமும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகும். கலவையின் உருகுநிலை இறங்கிவிடுவதால் போர்டு அவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக் இணைப்புகளை வெப்பம் தாங்கும் மஞ்சள் காப்டன் டேப்பால் மூடினார். பிளக்ஸ் தடவினார். அடியிலிருந்து போர்டைச் சூடாக்கியபடி, மேலிருந்து ஹாட் ஏர் குழலை வட்டமாகச் சுற்றினார். எங்கேயும் நிறுத்தவில்லை.

ட்வீசரால் போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர இழுக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சால்டர் உருகுமுன் இழுத்தால் முனைகள் உட்காரும் செம்புத் துண்டுகள் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகப் பாலம் போட வேண்டும். அதையும் அவர் செய்வார். ஆனால் அது தன் பொறுமையின்மைக்குக் கொடுக்கும் விலை என்றார். சட்டென்று போர்ட் தானாகவே அசைந்தது. தூக்கி வைத்தார்.

புதியதைப் போடுவதற்கு முன் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, காலியான இடத்தில் ஒவ்வொரு முனையாகத் தொட்டார். படத்தைக் கொண்டுபோகும் முனைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, மொத்தம் நான்கு ஜோடி. ஜோடியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ போர்ட்டுக்குப் பின்னாலுள்ள குட்டி ஐசியும் போயிருக்கிறது. கேபிளை இழுத்தபோது உள்ளே ஷார்ட் ஆகி அதையும் கொண்டுபோயிருக்கும். எண்கள் எல்லாம் பொருந்தின. பையன் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அந்த நோட்டுதான் எனக்கு அந்தக் கடையின் உயிராகத் தெரிந்தது. இந்தப் போர்டுகளின் சர்க்யூட் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியே தருவதில்லை. ஆகவே பாய், நன்றாக ஓடும் போர்டு ஒன்று கையில் கிடைக்கும்போதெல்லாம் அதன் முனைகளை அளந்து எழுதி வைக்கிறார். சுவரில் ஆணியடித்துத் தொங்கும் டெட் போர்டுகளும் அப்படித்தான். ஒன்றில் எல்லா உதிரிகளையும் சுரண்டி எடுத்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று மார்க்கரால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்க கோடிக்கணக்கில் விற்ற ஒரு கருவியின் வரைபடத்தை, செத்த பலகையிலிருந்து திரும்ப எழுதி எடுக்கிறார்கள். இந்த அறிவை அவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. விற்ற பொருள் வாங்கியவருடையது என்றால், அதன் வரைபடமும் உதிரியும் கூடவே வரவேண்டும்.

பாய் டிவியும் விசிஆரும் பழுது பார்த்து வந்தவர். கேசட் போட்டு மரியோவும் கான்ட்ராவும் ஆடிய டிவி கேம்தான் முதலில் கைக்கு வந்தது. பெரும்பாலும் ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஓடாவிட்டால் பிள்ளைகள் கேசட்டின் வாயில் ஊதுவார்கள். எச்சில் ஈரம் செம்பு முனைகளை அரித்துவிடும். அதற்கு அழிரப்பரும் ஸ்பிரிட்டும் போதுமாக இருந்தது.

எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோதுதான் தொழில் மாறியது என்கிறார். பொத்தானைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் கருவி போய்விட்டது. 2005 இறுதியில் வெளியான அது, சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சிப்பின் இணைப்புகள் விரிசல் விட்டுப் பெருமளவில் பழுதானது. 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்குமேல் ஒதுக்கியது. துண்டால் சுற்றி வைத்து வேண்டுமென்றே சூடேற்றினால் எழும் என்று உலகமே நம்பியது. எழும், நிற்காது. “ஹீட் அடிச்சுக் குடுத்தா அன்னிக்கு ஓடும். ரெண்டு வாரத்துல திரும்பி வந்து நிப்பாங்க. அந்தக் காசு வேணாம்” என்றார் பாய். அப்படிச் செய்து கொடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால்தான் அவர் மறுத்ததை இங்கே எழுதுகிறேன்.

இப்போது வரும் பிளேஸ்டேஷன் 5ஐ அவர் பையன்களிடம் கொடுப்பதில்லை. சிப்பின்மேல் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம். சூட்டை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் சிதறினால் போர்டு ஷார்ட். அதைச் சுற்றி நுரை அணை கட்டியிருக்கிறார்கள். அணை கிழியாமல் ஹீட்சிங்கை நேராகத் தூக்க வேண்டும்.

பெண்மணியின் கருவியைப் பாதி மூடிய நிலையிலேயே டிவியில் மாட்டினார்கள். படம் வந்தது. மகன் எம்பிப் பார்த்தான். ஆட்டங்களை மாற்றி மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகுதான் அட்டையிலிருந்து திருகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அடுத்து வந்த இளைஞரின் கருவியில் டிஸ்க் உள்ளே போகிறது, படிக்கவில்லை. லென்ஸோ மோட்டாரோ என்றால் மாற்றிவிடலாம். திறந்து பார்த்தால் டிரைவோடு ஒட்டியிருக்கும் சின்ன போர்டில் தண்ணீர் பட்டுக் கருகியிருந்தது. அலமாரியில் அதே மாடல் டிரைவ் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் உதவாது. தொழிற்சாலையில் அந்தச் சின்ன போர்டும் தாய்ப் பலகையும் ஒன்றை ஒன்று அடையாளம் தெரிந்துகொள்ளும்படி மென்பொருளால் பிணைத்திருக்கிறார்கள். வேறு கருவியிலிருந்து எடுத்ததை இது ஏற்காது. 2023இல் வந்த கழற்றி மாட்டும் பிளேஸ்டேஷன் 5 டிரைவையும் முதல்முறை இணையத்தில் பதிந்தால்தான் ஓடும்.

பழுதுக்காக இந்தப் பூட்டை உடைப்பது குற்றமாகாது என்று அமெரிக்கா 2021இல் விலக்கு அளித்தது. ஆனால் உடைக்கும் கருவியை விற்க அந்த விலக்கு இடம் தரவில்லை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் முதலில் எடுத்துக்கொண்டவை வேளாண் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். பாயின் மேசையில் இருக்கும் இந்தப் பெட்டிக்கும் அதே உரிமை வேண்டும். கையில் திறமை இருக்கிறது, அலமாரியில் பாகம் இருக்கிறது, ஆனாலும் ‘முடியாது’ என்று சொல்லவேண்டிய நிலையில் அவரைக் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப வாங்கி வச்ச டிஸ்க்கெல்லாம் என்ன பண்றது பாய்?” என்றார் இளைஞர்.

“உள்ள ஏத்தி வச்சிருக்கற டவுன்லோடு கேம் ஓடும் தம்பி. டிஸ்க் ஓடாது. கீழ படி இறங்குனதும் ரெண்டாவது கடையில பழைய டிஸ்க் எடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.”

“பார்த்ததுக்கு எவ்வளவு?”

“சரி பண்ணலையே, எதுக்குக் காசு?” என்று சொல்லிவிட்டு, மூடுவதற்கு முன் தெர்மல் பேஸ்ட்டை எடுக்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.