ஆறுதல் என்னும் வினை

தேநீர் ஆறுகிறது. புண் ஆறுகிறது. சினம் ஆறுகிறது. மனம் ஆறுகிறது. சூட்டுக்கும் உடலுக்கும் உள்ளத்துக்கும் தமிழ் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறது. அதன் பிறவினை 'ஆற்றுதல்'. தேநீரை ஆற்றும் கையும் துயரரை ஆற்றும் சொல்லும் இலக்கணத்தில் ஒரே இடத்தில் நிற்கின்றன. உடல் வேறு, மனம் வேறு எனப் பிரித்துப் படித்த மருத்துவம் தமிழ் பேசும் நோயாளியின் முன் அமரும்போது இந்த வினை ஒரு கேள்வியாகிறது.

துயரைச் சொல்லத் தமிழர் உறுப்புகளையே நாடுகின்றனர். வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, குலை நடுங்குகிறது, கையும் காலும் ஓடவில்லை, மூச்சு முட்டுகிறது. உணர்ச்சியை உடல்நோவாகச் சொல்லும் இவ்வழக்கைத் தம் உள்ளத்தை அறியாதாரின் குறையாகக் கருதும் போக்கு உளமருத்துவத்தில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டுக்கும் இட்ட பொதுப்பெயரே 'மெய்ப்பாடு'. மெய்யில் படுவதே உணர்ச்சி என்னும் கொள்கை அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இக்கொள்கை ஏட்டிலிருந்து மருத்துவமனைக்கு இறங்கியதற்கு அண்மைக்காலச் சான்று இலங்கையின் வடக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போருக்கு நடுவே வாழ்ந்து மருத்துவம் பார்த்தவர். போர் தமிழர் மனத்தில் செய்ததை ஆராயும் அவரது 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998-இல் வெளிவந்தது. தமிழில் அவர் எழுதிய கைநூலின் பெயர் 'மனவடு'. பெயர்த் தேர்வு கூர்மையானது. புண் ஆறும், வடு நிற்கும். மருத்துவன் வாக்களிக்கக்கூடியது ஆறுதலை மட்டுமே, வடுவின்மையை அன்று.

குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்கள் தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு, தூக்கமின்மை என்றுதான் முறையிட்டார்கள். அவர்களிடம் சோமசுந்தரம் முன்வைத்தவற்றுள் முதன்மையானவை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை: மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உருவிடும் செபம், தியானம். சைவர் ஓங்காரத்தையும், கத்தோலிக்கர் இயேசுவின் பெயரையும், முஸ்லிம்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்பதையும், பௌத்தர் புத்த சரணத்தையும் சொல்லலாம். முறை ஒன்றே, சொல் அவரவர் மரபிலிருந்து வரும். உளமருத்துவமனைக்குச் செல்வதை இழுக்காகக் கருதும் ஊரில், பாட்டியிடம் கேட்டறிந்த ஒன்றைச் செய்வதில் இழுக்கில்லை.

இதன் உடலியல் எளியது. அச்சத்தில் பரிவு நரம்பு மண்டலம் கிளர்ந்து, இதயத் துடிப்பு விரைந்து, மூச்சு மேலோட்டமாகிறது. இதயத்தை நிதானிக்குமாறு ஒருவரால் நேரடியாகக் கட்டளையிட இயலாது. மூச்சு மட்டும் இரண்டு ஆட்சிகளுக்கும் உட்பட்டது: தானாகவும் நடக்கும், நாம் நினைத்தபடியும் நடக்கும். வெளிமூச்சை நீட்டும்போது வேகஸ் நரம்பின் வழியே துடிப்பு தணிகிறது. சுவாசத்துக்குத் தமிழில் 'மூச்சு விடுதல்' என்றே பெயர். வாங்குவதும் அதில் அடக்கம் என்றாலும் மொழி அழுத்திச் சொல்வது விடுதலைத்தான். பெருமூச்சு விட்டவருக்குப் பாரம் சற்று இறங்குவதை எல்லோரும் அறிவர்.

சோமசுந்தரத்தின் பிற்கால எழுத்து தனி உடலோடு நிற்கவில்லை. போரில் குடும்பமும் ஊரும் சிதைந்தபோது காயம் கூட்டுக்காயமாகிறது என்றும், ஒவ்வொருவராக அழைத்துச் சிகிச்சை தருவது மட்டும் போதாது என்றும் அவர் வாதிட்டார். காணாமற் போனவரின் வீட்டை எண்ணினால் இது விளங்கும். எரிக்க உடல் இல்லை. எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் நாள் குறிக்க இறந்த தேதியும் இல்லை. சடங்கு தடைப்பட்ட வீட்டில் துயரும் முடிவின்றி நிற்கிறது. உடலின் வழியே மனத்தை ஆற்றுவது பற்றிய பேச்சில், இல்லாத உடல் ஒன்று இவ்வாறு குறுக்கே நிற்கிறது. மூச்சுப் பயிற்சி அதற்கு விடையாகாது. நீதியும் உண்மையும் கேட்கப்படும் இடம் அது.

இம்முறைகளுக்குச் சான்று உண்டா என்று ஆய்வாளர் கேட்பது முறையே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. ஒரு குழு தன் கதையைக் கோவையாகச் சொல்லும் சிகிச்சையைப் பெற்றது, மற்றது தியானத்தையும் தளர்வுப் பயிற்சியையும் பெற்றது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். அவற்றை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்துக்குப் பின் மீண்டவர்கள் முதற்குழுவில் 81 விழுக்காடு, இரண்டாவதில் 71 விழுக்காடு. எண்ணிக்கை சிறியது. சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லாததால், தானே ஆறியவர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து சொல்ல இயலாது. ஆயினும் பழகிய முறை எளியது என்பதற்காகவே ஒதுக்கத்தக்கதன்று என்ற அளவுக்கு அச்சான்று போதும்.

மரபு என்ற சொல்லே மருந்தாகிவிடாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அங்கேயும் நம்பிக்கையின் பெயரால்தான் உடல்கள் கட்டப்பட்டிருந்தன. மூச்சை விடக் கற்பிப்பதும் மரபு, காலைக் கட்டிப்போடுவதும் மரபு. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தேறும் பொறுப்பிலிருந்து எவருக்கும் விலக்கில்லை. கடும் மனநோய்க்கு மருந்து தேவை. நெஞ்சுநோ என்று வந்தவருக்கு முதலில் இதயத்தைப் பார்ப்பதும் தேவை.

ஈழத்தில் உளவள ஆலோசனையை 'ஆற்றுப்படுத்தல்' என்றும் வழங்குகின்றனர். வழியைக் குறிக்கும் 'ஆறு' என்னும் பெயர் வேற்றுமை ஏற்கையில் 'ஆற்று' எனத் திரிந்து ஆற்றுப்படையில் நிற்கிறது; தணிதலைக் குறிக்கும் 'ஆறு' என்னும் வினையின் பிறவினையும் 'ஆற்று' என்றே முடிகிறது. வேர்களை ஒன்றாக்க இவ்வொலி ஒப்புமை போதாது. ஆனால் வழக்கில் அச்சொல்லைக் கேட்பவருக்கு வழிகாட்டலும் தணித்தலும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழில் நோவைச் சொல்பவரை மலையாளத்தில் வினவும் மருத்துவர் பார்க்கிறார். இருவருக்கும் நடுவில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாத்தாள் ஒன்று கிடக்கலாம். 'மனச்சோர்வாக உணர்கிறீர்களா?' என்பதற்கு 'இல்லை' என்று விடை வரும். நெஞ்சு கனக்கிறதா என்று கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும். வினாத்தாள்களைப் பெயர்ப்பதிலும் சரிபார்ப்பதிலும் மொழியியல் மாணவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. மலையாளிகள் ஆறுதலுக்கு அன்றாடம் சொல்வது 'ஆஸ்வாஸம்'. தமிழில் அது 'ஆசுவாசம்'. வடமொழியில் அதன் வேர் மூச்சைக் குறிப்பது. எல்லையின் இரு பக்கமும் புரியும் அச்சொல்லிலிருந்தே உரையாடலைத் தொடங்கலாம்.