மேசையுள்ள அறை

திருவனந்தபுரம் தம்பானூரில் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். 1931இல் ரயில் இங்கே வந்தது. அதை நம்பித்தான் எங்களைப் போன்ற லாட்ஜுகள். எதிரே பஸ் ஸ்டாண்டு, அதையொட்டி லாரி பேக்கர் செங்கல்லில் சுழற்றிக் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ்.

வருகிறவர் எதற்காக வந்திருக்கிறார் என்று கண்டுகொள்வதுதான் எங்கள் தொழிலில் முக்கால் பங்கு. காலையில் மாவேலி, மலபார் ரயில்கள் வந்து நின்றதும், படியேறுகிறவர்களின் கையைப் பார்ப்பேன். நாடா கட்டிய ஃபைல் என்றால் செகரட்டேரியட்; குளித்து உடுப்பு மாற்ற அரை நாள் போதும். தகப்பனோடு வரும் பெண்பிள்ளை என்றால் பி.எஸ்.சி. தேர்வு, சத்தம் எட்டாத உள்ளறை. எக்ஸ்ரே உறை என்றால் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரி அல்லது ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரி; கீழ்த்தளம், வெந்நீர், வாசலில் ஆட்டோ. அவர்கள் வாய் திறக்குமுன் சரியான சாவியை எடுத்துவிட வேண்டும். அது கைவந்த பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடித்தது.

முதலில் ஃபைல்காரர்கள் குறைந்தார்கள். கோப்புகள் கணினிக்குப் போனபின், ஒரு கையெழுத்துக்காகக் காசர்கோட்டிலிருந்து இரவெல்லாம் வர வேண்டியதில்லை. நல்லதுதான், அந்த அலைச்சலைப் பார்த்தவன் நான். கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்குக்கு நேர்காணலுக்கு வரும் பையன்களை 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு காணவில்லை. அவர்கள் வீட்டிலிருந்தே பேசி வேலை வாங்கினார்கள். அந்த வருடம் சாவிகள் பலகையிலேயே தொங்கின.

எக்ஸ்ரே உறையோடு வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையைச் செல்போனில் அனுப்ப முடியாதே.

பிறகொரு மழைக்காலத்தில் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன் அம்மாவைக் கூட்டி வந்தான். ஆறு வாரச் சிகிச்சை. வழக்கம்போலக் கீழ்த்தளச் சாவியை எடுத்தேன்.

"அண்ணாச்சி, அங்க நெட் கிட்டுமா?"

பெங்களூர் கம்பெனி. அவ்வளவு நாள் லீவு கிடைக்காது. எங்கிருந்தும் வேலை செய்யலாம். பகலில் ஆஸ்பத்திரி வராந்தா, இரவில் கட்டில் ஓரத்தில் லேப்டாப். அம்மா தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு, குளியலறையில் நின்று ஹெட்செட்டில் மீட்டிங் பேசியிருக்கிறான். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே உறையைப் பார்த்தேன். தோளில் கிடந்த பையைப் பார்க்கவில்லை. அன்றிரவே ஸ்டோர் ரூமை ஒழித்து, அவனுக்கு ஒரு மேசை போட்டேன்.

முன்பெல்லாம் பிள்ளைகள் இரண்டாம் நாளே வேலைக்குத் திரும்புவார்கள். துணைக்கு ஒரு சித்தியோ மதினியோ இருப்பார். இப்போது மகனே அம்மா பக்கத்தில் இருக்கிறான். அது பெரிய காரியம். ஆனால் அந்த ஆறு வாரத்தில் அவன் ஒரு நாளாவது முழுசாகத் தூங்கி நான் பார்க்கவில்லை.

முதலாளியிடம் பேசி, கீழ்த்தள அறைகளில் மேசையும் முதுகு சாயும் நாற்காலியும், கைக்கெட்டும் உயரத்தில் பிளக் பாயின்டும் வைத்தோம். இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த தடவை புது டி.வி. வாங்கப் போகுமுன் ஆசாரியைக் கூப்பிட்டு மேசை செய்யச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் அறையில் முதலில் போடுங்கள்.