தலை சாய்க்க ஓர் இடம்

புதுமனை மந்திரிக்கச் செல்வது பங்குத்தந்தைக்கு மனமகிழ்வு தரும் பணி. ஆனால் சென்னையில் பணியாற்றும் எனக்கு அவ்வழைப்புகளைவிட, விடைபெற வரும் குடும்பங்களே மிகுதி. "வாடகை கொடுத்து மாளவில்லை, சுவாமி, தொலைவாகப் போகிறோம்" என்கின்றனர். பாடற்குழுவில் பாடிய பிள்ளைகளும் அவர்களோடு போய்விடுகின்றனர்.

இந்நிலைக்குச் செங்கல், சிமெண்டு விலையையே பலர் காரணமாகக் கூறுவர். கட்டடமோ ஆண்டுதோறும் பழசாகிறது; ஏறுவது அதன் அடியிலுள்ள மண்ணின் விலையே. பிழைப்பைத் தேடி மக்கள் பெருகும் வேகத்தில், குடிநீரும் சாலையும் உள்ள மனைகள் பெருகுவதில்லை. பணம் படைத்தோர் சிலர் விலையேற்றத்தை எதிர்நோக்கி மனைகளை வாங்கித் தரிசாகப் போடுகின்றனர். மனைப்பரப்பைப் போல் ஒன்றரை மடங்கே கட்டலாம் என்ற வரம்பும் சென்னையில் நெடுங்காலம் இருந்தது. 2019 ஆம் ஆண்டு விதிகள் அதனை இரு மடங்காக்கின.

ஏழைகளுக்கென 1970 இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பின்னர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடிக்கு மக்கள் அனுப்பப்பட்டனர். 2015 பெருவெள்ளத்திற்குப்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் சென்றன. கூரை கிடைத்தது, நாள்தோறும் செய்த வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத் தொலைவாயின. பிழைப்பினின்று பிரிக்கப்பட்ட வீடு பாதி வீடே.

நல்வழிக்கு நம் நகரிலேயே முன்மாதிரி உண்டு. 1977 இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தண்ணீர், வடிகால், சாலை அமைத்துச் சிறு மனைகள் எளியோர்க்குத் தவணை முறையில் வழங்கப்பட்டன. பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்றுச் சிறியவற்றின் விலையைக் குறைத்தனர். கையில் காசு சேரச் சேர மக்களே அறை அறையாகக் கட்டிக்கொண்டனர். இத்தகைய மனைகளும், குறைந்த வாடகை வீடுகளும் இரயில், பேருந்து வழிகளையொட்டி அமையுமாறு நாம் அரசை வேண்டுவது நீதி.

வீடு மனித மாண்போடும் குடும்ப வளர்ச்சியோடும் பிணைந்தது என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015 ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அப்போதனை நம் வாசற்படியிலும் நிறைவேறவேண்டும். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்கிறது. பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. வாடகைக்கு விட வீடுடைய அன்பர்களே, அதனைப் பூட்டி வைக்காதீர்கள். நியாயமான வாடகைக்கு ஓர் இளங்குடும்பத்திடம் ஒப்படையுங்கள். சத்திரத்தில் இடமின்றி நின்ற திருக்குடும்பத்திற்கு ஆண்டுதோறும் குடில் கட்டும் நமக்கு இது பெரிய காரியமன்று.