தூக்குக்குண்டும் குதிகாலும்

சென்ற மாதம் ஒரு சிற்பக் கண்காட்சியின் துவக்க விழாவில் மேடையேறிய இளைஞர் ஒருவர், மனித உருவத்தைக் களிமண்ணில் சமைப்பது இனிமேல் யந்திரத்தின் வேலை என்றும், கலைஞனுக்கு உரியது எண்ணம் ஒன்றே என்றும் மொழிந்தபோது சபையோர் கைதட்டினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் கையைத் தோய்த்துவிட்டு, மூட்டுவலியின் நிமித்தம் இவ்வாண்டு பட்டறைக் கதவைச் சாத்திவிட்ட நான், பின்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இளைஞர் வைத்திருந்த சிலை, தோளில் பெருங்கல் சுமந்து நிற்கும் ஒரு மனிதன். நண்பர் ஒருவரை நிற்க வைத்து ஸ்கேன் செய்து, யந்திரத்தில் அச்சிட்டு, ஃபைபரில் வார்த்தது. தோலின் சுருக்கம்கூடத் தப்பவில்லை. ஆனால் அந்தக் கல்லுக்குக் கனமே இல்லை. ஸ்கேன் எடுத்தபோது நண்பரின் தோளில் இருந்தது தெர்மோகோல் என்று பிற்பாடு சொன்னார்கள். அதைச் சிலையின் குதிகால் எனக்கு முன்னமே சொல்லிவிட்டிருந்தது.

1877-ஆம் வருஷம் பிரெஞ்சுச் சிற்பி ரொடான் தமது ‘வெண்கல யுகம்’ என்ற சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள உடம்பின்மேல் நேரே அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று அவர்மேல் பழி சுமத்தினார்கள். அந்தப் பழியைத் துடைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அன்றைக்கு ஒரு சிற்பியின் மானத்தைக் குலைத்த அபவாதம், இன்றைக்கு அழைப்பிதழில் பெருமையாக அச்சேறுகிறது.

ரொடானுடைய பிரபாவம் நம்மூருக்குத் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் வழியாக வந்தது. 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்று, ஏறக்குறைய முப்பது வருஷம் அதை நடத்திய அவர், ஓவியத்தை அவனீந்திரநாத தாகூரிடம் கற்றவர். மல்யுத்தப் பயிற்சி உள்ளவர். கோடு போடத் தெரிந்த கண்ணும், பிடி போடத் தெரிந்த தோளும் ஒரே மனிதரிடம் சேர்ந்தமையால்தான், 1959-இல் மெரினாக் கடற்கரையில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை பிறந்தது என்பது என் அபிப்பிராயம். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பாறையை மறைத்துவிட்டு நால்வரை மட்டும் காட்டினாலும், எதிரே இருப்பது எத்தனை பெரிய கல் என்று சொல்லிவிடலாம்.

நான் அவரிடம் படிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற சில வருஷங்களுக்குப் பின்னரே அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த ஆசிரியர் அவருடைய மாணாக்கர், அதிகம் பேசாதவர். முதல் வருஷம் முழு உருவம் செய்யச் சொன்னார். ஆர்மேச்சர் என்னும் உட்சட்டத்தைக் கட்டி, களிமண் சரியாமல் தாங்கும் ‘பட்டாம்பூச்சி’ என்ற குறுக்குக் கட்டைகளைத் தொங்கவிட்டு, மூன்று வாரம் இரவும் பகலும் ஈரத்துணி மாற்றி, தலையில் மூட்டையோடு நிற்கும் ஒருவனைச் செய்து முடித்தேன். ஆசிரியர் வந்தார், கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், அது ஊன்றிய காலின் கணுவை விட்டு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. “பாரம் எங்கேடா இருக்கு?” என்று கேட்டார். தலையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியால் உருவத்தை இடுப்போடு அறுத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் முறை குண்டு சரியாகவே விழுந்தது, அப்போதும் அறுத்தார். கழுத்துக் குழியின் குண்டு ஊன்றிய காலின் கணுவில் விழ வேண்டும் என்ற சூத்திரம் சரியாக இருந்தும் ஏன் அறுத்தார் என்று எனக்குக் கோபம் வந்தது, அவரிடமே கேட்டேன். அவர் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்து, “மரத்தைச் சுத்தி நட” என்றார். பத்துச் சுற்று நடந்திருப்பேன். நடக்க நடக்க, பாரம் தோளில் நிற்காமல், எதிர்ப்பக்க இடுப்பில் இறங்கி, முழங்காலைப் பூட்டி, கடைசியில் பாதத்தின் வெளி விளிம்பில் வந்து தரையைப் பற்றுவதை உணர்ந்தேன். கால்விரல்கள் தாமே விரிந்துகொண்டன. மூட்டையை இறக்கியதும், கை கழுவாமலே, களிமண்ணில் அந்தப் பாதத்தை மட்டும் செய்தேன். ஆசிரியர் வந்து பார்த்தார். மூன்றாம் முறை அறுக்கவில்லை; பாராட்டவும் இல்லை. கதவருகில் திரும்பி நின்று, “இனிமே மேலே செய்” என்றார். கழுத்தும் முகமும் பாதத்திலிருந்து முளைக்க வேண்டியவை என்ற வித்தை அன்றுதான் எனக்குக் கிட்டிற்று.

இது உருவச் சிற்பத்துக்கு மட்டுமே ஆகும், நவீனத்துக்கு ஆகாது என்பார்கள். சாந்திநிகேதனத்தில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ என்ற சிலையைப் பாருங்கள். செம்புரைக்கல் ஜல்லியையும் சிமென்டையும் அள்ளி அப்பிய சொரசொரப்பில் அங்க லட்சணம் எங்கே இருக்கிறது? ஆனால் காவடித் தண்டில் குழந்தையைச் சுமந்து போகிறவனுடைய நடை, தண்டின் கனத்தை அடிக்கு அடி கணக்கிடுகிறது. நம்மூர்ச் சிற்பிகளில் எஸ். தனபால் உருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனார், பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்து, முன்புறம் மட்டுமே உடைய வடிவங்களைப் படைத்தார். அவர்கள் விட்டதெல்லாம், முதலில் கைவசமாக்கிக்கொண்டு பிறகு விட்டது. கற்றவன் துறப்பதும் கல்லாதவன் தவிர்ப்பதும் ஒன்றாகிவிடுமா?

இன்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வார்த்தபின் உளியால் உடைத்தெடுக்கும் பிளாஸ்டர் அச்சான வேஸ்ட் மோல்டின் முதல் பூச்சில் நீலம் ஏன் கலக்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை. நீலம் தென்பட்டதும் உளி பிடித்த கை இளக வேண்டும். அடுத்த அரை அங்குலத்தில் இருப்பது சிலையின் தோல். அந்த அச்சம் ஒருநாளும் பட்டிராத கை, மேற்பரப்பு என்பதன் அர்த்தத்தை எப்படி அறியும்? யந்திரத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. ரொடானும் சிறிய மாதிரியைப் பெரிதாக்கக் கருவியையும் உதவியாளரையும் கொண்டவர்தான்; ஆனால் அந்த மாதிரி அவர் கை செய்தது.

கண்காட்சியில் மேடையேறிய அந்த இளைஞருக்கும், கைதட்டியவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதிகாலையில், கூட்டம் சேருமுன், உழைப்பாளர் சிலைக்குப் போங்கள். எல்லாரும் படமெடுக்கும் முன்பக்கத்தில் நிற்காமல் பின்னால் சுற்றிப் போய், முகங்களைப் பாராமல், அந்த எட்டுப் பாதங்களை மட்டும் அரைமணி நேரம் பாருங்கள்.