சென்னைக்கு நேர் தெற்கே

என் இருக்கையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் வேண்டும் என்று தனியாகக் காசு கட்டி வாங்கிய இருக்கை. போர்டிங் பாஸை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், எழுந்திருக்கவில்லை.

“கோவிக்காதேங்கோ தம்பி. இந்தப் பக்கம் இருந்தால்தான் எனக்குத் தெரியும்.”

என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் எரிச்சலோடு உட்கார்ந்தேன். இப்படி உரிமையோடு இடம் பிடிப்பதெல்லாம் நம் ஊர் டவுன் பஸ்ஸோடு சரி என்று நினைத்திருந்தேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் ஸ்கேலை வைத்து நேர் தெற்கே கோடு இழுத்தால் ஏறக்குறைய யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் போய் முட்டும். என் சொந்த ஊரான மதுரை இதைவிட அறுபது கிலோமீட்டராவது தள்ளி இருக்கிறது. ஆனால் மதுரைக்குப் போகப் பாஸ்போர்ட்டை யார் தேடினார்கள்? பலாலியில் ஓடுபாதை குட்டை என்பதால் விசிறி வைத்த ஏடிஆர் விமானம்தான். அது மெதுவாகப் போயும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிற பயணம்.

சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் அவர் என்னிடம் நீட்டியபோதுதான் பேச்சு வந்தது. சென்னையில் கண் ஒப்பரேசன் செய்துகொண்டு திரும்புகிறாராம். முன்பெல்லாம் எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். “கொழும்புக்கு ராவு பஸ். பிறகு கட்டுநாயக்கா. பிறகு பிளேன்.” அதாவது, வடக்கே இருக்கிற சென்னைக்கு வருவதற்கு முதலில் 400 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். இத்தனைக்கும் 1947 டிசம்பர் 10 அன்று புறப்பட்ட ஏர் சிலோனின் முதல் விமானமே பலாலியை ஒட்டிய காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராஸுக்கு வந்தது. போரில் அறுந்துபோன வழி 2019இல் மறுபடி திறந்தது. நாலைந்து மாதத்தில் கொரோனா வந்து மூடியது. 2022 டிசம்பரில்தான் திரும்பவும் விமானம் வந்தது.

கடல் வந்தபோது அவர் தூங்கிப்போனார். அவர் தோளுக்கு மேலே எட்டி எட்டி நான் பார்த்த பாக் நீரிணை வெறும் சாம்பல் நிறம். விமானம் தாழத் தொடங்கியதும், யாரும் எழுப்பாமலே விழித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, நெற்றியை ஜன்னலில் பதித்தார்.

“அந்தப் பனங்கூடல் தெரியுதோ தம்பி? அதுக்கு இஞ்சால, கூரை இல்லாமல் ஒரு சுவர். அதுதான் எங்கட வளவு.”

எனக்குப் பற்றைக்காடுதான் தெரிந்தது. 1990 ஆனியில் இடம்பெயர்ந்தவர். பிள்ளைகள் பிறந்த வீடு. சுற்றுவட்டாரத்தில் சில காணிகளை ராணுவம் விடுவித்துவிட்டது, அவருடையது இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். தரை வழியாகப் போக முடியாது. மேலிருந்து பார்க்கலாம், அதுவும் இந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தால்.

“புதுக் கண்ணாலை இண்டைக்குத்தான் பாக்கிறன். கிணத்துக்கட்டு கூடத் தெரியுது.”

சக்கரம் தரையைத் தொட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இங்கிருந்து வளவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“ஒரு மைல் வராது.”